ஞாயிற்றுக்கிழமை ஒப்பாரி

என் மகள் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். பாடம் நடத்துகிற வேலை இல்லை. வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழைந்து, இங்கிலீஷில் திணறி, வீட்டுக் கவலையையும் கூடவே சுமந்து, கடைசியில் சாப்பாடு தூக்கம் இரண்டையும் விட்டுவிடுகிற பிள்ளைகள் அங்கே நிறைய உண்டாம். அவர்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கச் சொல்லித் தருவது இவள் பொறுப்பு. வாரம் ஒருநாள் வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்வாளாம். ஆனால் பிள்ளைகள் வருவதே இல்லையாம். மனசில் இருப்பதை வெளியில் கொட்டினால் பெற்றவர்களுக்குத் தலைக்குனிவு என்று நினைக்கிறார்களாம். போனில் இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அம்மா, உங்க காலத்துல காலேஜ்ல இந்த மாதிரி ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இல்லாமல் என்ன, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஒப்பாரி வைப்போம் என்றேன். நான் வழக்கம்போல் வாயடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் வாயடிக்கிறவள்தான், மறுக்கவில்லை. ஆனால் இது நடந்தது.

அறுபதுகளின் கடைசி. நெற்குப்பையில் தமிழிலேயே படித்து, எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்து, அந்தத் திமிர் குறையாமல் காரைக்குடிக்கு பி.யூ.சி. என்கிற புகுமுக வகுப்பு படிக்க வந்தவள் நான். எங்கள் வீடுகளில் அப்போது பெண்ணை வெளியூரில் தங்கவிட்டுப் படிக்க வைப்பது சாதாரணமில்லை. அப்பச்சி, அதாவது என் தகப்பனார், ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தார். தேறினால் மேலே படிக்கலாம், தேறாவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பது. கல்லூரி விடுதியில் இடம் போதவில்லை என்று பி.யூ.சி. பெண்கள் பதினெட்டுப் பேரை மட்டும் ஊருக்குள் ஒரு செட்டியார் வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்க வைத்திருந்தார்கள். வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். நடுவில் வளவு என்கிற வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு இரண்டு பேர்.

முதல் நாள் பௌதிகப் பேராசிரியர் முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். எனக்கு விளங்கியது, உட்காரச் சொன்னது ஒன்றுதான். காதில் விழுந்ததை விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வருவோம். சாயங்காலம் வளவில் பதினெட்டு நோட்டையும் பரப்பி வைத்துக்கொண்டு, அவர் என்னதான் சொல்லியிருப்பார் என்று பஞ்சாயத்து நடக்கும். ஒருத்தி நோட்டில் இருப்பது இன்னொருத்தி நோட்டில் இருக்காது. யார் குரல் பெரிசோ அவள் எழுதியதே சரி என்று தீர்ப்பாகும். பெரும்பாலும் என் குரல்தான் பெரிசு. அதனால் பதினெட்டுப் பேரும் சேர்ந்து தப்பாகப் படித்தோம்.

முதல் பரீட்சை மார்க்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பௌதிகத்தில் எனக்குப் பதினொன்று. அன்றைக்கு விடுதிக்கு வந்து தண்ணீர்ச் செம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். செம்பு நெளிந்ததுதான் மிச்சம். மற்றவர்களுக்கு என்னைப் போல் கோபம் வரவில்லை, வியாதி வந்தது. ஒருத்திக்கு வகுப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்றுப்போக்கு. ஒருத்திக்குப் பேராசிரியர் பெயரைச் சொன்னாலே கை நடுக்கம். என் அறைத்தோழி சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள், தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வரும். அவள் திருப்பத்தூர்க்காரி, முஸ்லிம் வீட்டுப் பெண். அவளுடைய அத்தா, அதாவது தகப்பனார், பினாங்கில் கடையில் வேலை பார்த்தார். மாதம் தவறாமல் கடிதம் போடுவார், ஒவ்வொரு கடிதத்திலும் நீ டாக்டராக வேண்டும் என்று ஒரு வரி இருக்கும்.

மன அழுத்தம் என்ற வார்த்தையெல்லாம் அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை. பயம் என்பார்கள், இல்லையென்றால் பித்தம் என்பார்கள். கல்லூரியிலும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் வந்து எல்லோருக்கும் சிவப்பாக ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். பிறகு வெளியூரிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்து, பரீட்சைப் பயத்தைப் போக்குவது எப்படி என்று பேச வைத்தார்கள். அவர் நல்ல மனுஷர். ஒன்றரை மணி நேரம் உருகி உருகிப் பேசினார், இங்கிலீஷில். நாங்கள் பதினெட்டுப் பேரும் ஒரு வரி விடாமல் நோட்டு எடுத்தோம். இதிலிருந்து பரீட்சைக்குக் கேள்வி வருமா, வராதா என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தோம்.

இந்த வியாதி எதிலும் சேராமல் ஒருத்தி இருந்தாள். ஒக்கூர்க்காரி. நெடுநெடுவென்று உயரம், இரண்டே இரண்டு தாவணி, அரசாங்க உதவித்தொகையில் படிக்க வந்தவள். அவள் மார்க் என்னைவிடக் குறைவு. ஆனால் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டாள், படுத்ததும் தூங்கினாள், காலையில் எழுந்து அதே பாடத்தை முதலிலிருந்து எழுத்துக் கூட்டினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கிணற்றடியில் மடக்கி, உனக்கு மானம் ரோஷம் கிடையாதா, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மார்க் வாங்கிவிட்டு எப்படிச் சோறு இறங்குகிறது என்று கேட்டேன். கேட்ட விதம் தப்பு. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் அம்மா ஊரில் சாவு வீடுகளில் ஒப்பாரி எடுத்துக் கொடுக்கிறவராம். சுற்றுவட்டாரத்தில் எங்கே இழவு விழுந்தாலும் முதலில் ஆள் வருவது அவர் வீட்டுக்குத்தானாம்.

"எங்காத்தா நாள் பூராம் அழுதுட்டு வரும். வந்ததும் தலைக்கு ஊத்திக்கிட்டு நல்லாச் சாப்பிடும். செத்துப்போனதுக்கு அழுகணும், அழுது முடிச்சுச் சாயங்காலத்துக்குள்ள எடுத்துறணும், அதுக்கு மேல வீட்டுல வச்சிருந்தா நாறிரும்னு சொல்லும். மார்க்கு வந்த அன்னைக்கு நான் கொல்லைப்பக்கம் போயி ஒரு மூச்சு அழுதேன். அதோட எடுத்தாச்சு" என்றாள்.

என்ன பாடினாய் என்று கேட்டேன். மெல்லிய குரலில் இரண்டு அடி பாடிக் காட்டினாள். நான் சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன். எங்கள் வீடுகளில் நாள் நட்சத்திரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரிக் குரல் கேட்டால் சாவைக் கூப்பிட்டு உட்கார வைத்ததாகத்தான் அர்த்தம். சின்ன வயதில் விளையாட்டாக மாரடித்துக் காட்டியதற்கு ஆத்தா என் வாயிலேயே ஒன்று வைத்தது எனக்கு மறக்கவில்லை. இதையெல்லாம் சொன்னேன். அவள், செத்துப்போனது உன்னிடம் ஒன்று இருக்கிறதே, அதை ஏன் இன்னும் நடுவீட்டில் கிடத்தியிருக்கிறாய் என்றாள். எது என்று கேட்டேன். உன்னுடைய முதல் ராங்க் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டோம். எங்கள் வார்டனம்மா ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கோட்டையூரில் தங்கை வீட்டுக்குப் போய், ஆறு மணி பஸ்ஸுக்குத் திரும்புவார். அவர் தலை மறைந்ததும் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு வளவில் கூடினோம். முதலில் ஐந்து பேர்தான். சாவு வீட்டில் பெண்கள் உட்காருகிற மாதிரி வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை முட்டிக்கொண்டோம். எனக்காக அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"முத்து முத்தா எழுதி வந்தேன் – என்னப் பெத்த ஆத்தா
முதலாவதா நின்னிருந்தேன்
பலகையில பேரு தொங்க – நான்
பதினொண்ணா ஆனேனே"

இரண்டாவது தடவை நான் சேர்ந்து பாடினேன். மூன்றாவது தடவை பாட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. நெற்குப்பையிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து நான் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஒக்கூர்க்காரி ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். உயிரோடு இருக்கிற யாரையும் பெயர் சொல்லிப் பாடக் கூடாது, போய்ச் சேர்ந்ததைத்தான் பாட வேண்டும். யார் அழுதாலும் மற்றவர்கள் கூட அழலாம், ஆனால் பரவாயில்லை, சரியாகிவிடும் என்று தேற்றக் கூடாது. தேற்றினால் அழுகை பாதியில் நின்றுவிடும், அது கெடுதல் என்பாள். முடிந்ததும் கிணற்றடியில் கால் முகம் கழுவி, எதையாவது சாப்பிட்டுவிட்டு, அதே இடத்தில் நோட்டைப் பிரிக்க வேண்டும். யார் எதற்கு அழுதார்கள் என்பதை வெளியில் சொல்லக் கூடாது. இவ்வளவுதான். டானிக்காலும் இங்கிலீஷ்ப் பேச்சாலும் ஆகாதது இதனால் ஆனது. ஒரு மாதத்தில் வட்டத்தில் பதினேழு பேர் இருந்தோம். வயிற்றுப்போக்கு நின்றது, கை நடுக்கம் குறைந்தது. இன்னொன்றும் நடந்தது. எனக்கு விளங்கவில்லை என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்லப் பழகினோம். முதலில் சொன்னவள் அவள்தான். அவளுக்கு இங்கிலீஷ் எங்களைவிட மோசம். எழுந்து நின்று, தமிழிலேயே, "சார், ஒண்ணும் விளங்கல" என்றாள். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை, பாடத்தைத் திரும்பச் சொன்னார். எனக்குக் குரல்தான் பெரிசு, தைரியம் அவளிடம்தான் இருந்தது.

சேராமல் இருந்த பதினெட்டாவது ஆள் என் அறைத்தோழி. அவர்கள் மார்க்கத்தில் ஒப்பாரி வைப்பது கூடாது என்றாள். ஒக்கூர்க்காரி கட்டாயப்படுத்தவில்லை, பாட வேண்டாம், சும்மா எங்கள் பக்கத்தில் இரு என்றாள். அவளும் அம்மி பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு மட்டும் முடி கொட்டுவது நிற்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. மறுநாள் நாங்கள் கூடியதும் அவள் அம்மியை விட்டு எழுந்து வந்து, ஒக்கூர்க்காரியின் தோளில் தலையை வைத்தாள். பாட்டு எதுவும் இல்லை. வகுப்பில் இரண்டாவதாக வருகிறேன் என்று மாதாமாதம் அத்தாவுக்குப் பொய் எழுதியிருக்கிறாள். அவர் நம்பி, ஆறு வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறார், மகளுக்குக் கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு. இதைச் சொல்லிவிட்டு ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அவ்வளவு ஒல்லி உடம்பில் அத்தனை சத்தம் இருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை நாங்கள் தோளில் வாயை அழுத்திக்கொண்டு அடக்கித்தான் அழுவோம். அன்றைக்கு யாருக்கும் கட்டுப்படவில்லை. அவளுக்காக அழுதோம், பிறகு அவரவர் வீட்டில் சொன்ன பொய்க்காக அழுதோம். நேரம் போனதே தெரியவில்லை. கதவு ஜன்னல் எல்லாம் வழக்கம்போல் சாத்தியிருந்தோம். தலைக்கு மேலே வளவு ஆகாசத்துக்குத் திறந்து கிடந்ததை மட்டும் படித்த பெண்கள் பதினெட்டுப் பேரும் யோசிக்கவில்லை.

தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து ஒப்பாரி வைத்தால் போனது யாராக இருக்கும்? வார்டனம்மாதான் என்று எதிர்வீட்டு ஆச்சி முடிவு கட்டிவிட்டார். தெருவில் துக்கம் விழுந்தால் எடுக்கும்வரை யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. அதனால் வீட்டுக்கு வீடு அடுப்பை அணைத்தார்கள். மூன்றாவது வீட்டில் பெண் பார்க்க வந்தவர்களைக் காபி கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சங்கு ஊதுகிறவருக்கு ஆள் போய், அவரும் தெருமுனையில் வந்து நின்றுவிட்டார்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டு நான்தான் போய்த் திறந்தேன். வாசலில் இருபது முப்பது பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். எதிர்வீட்டு ஆச்சி என்னைக் கட்டிக்கொண்டு, எப்போது போனார்கள் என்று கேட்டார். நான் எங்கள் வீட்டில்தான் யாருக்கோ என்னவோ என்று நினைத்து, அழுது சிவந்த கண்ணோடு, யார் போனார்கள் என்று திருப்பிக் கேட்டேன். ஆச்சி என் தலையைத் தடவி, பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார். அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வார்டனம்மா வந்தார். கையில் குடை, இன்னொரு கையில் தங்கை வீட்டில் கொடுத்த பலகாரத் தூக்கு. அவரைப் பார்த்ததும் ஒரு பெண்பிள்ளை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு ஆச்சி மட்டும் நிதானம் தவறாமல், செத்தார்கள் என்று பேச்சு வந்தால் ஆயுசு கெட்டி என்று சொல்லி எல்லோரையும் கலைத்தார். மூன்றாவது வீட்டுக்காரர்கள் அப்படிச் சமாதானமாகவில்லை. ஊர்க்குடும்பங்கள் இருக்கிற தெருவில் இந்த விடுதி இனி இருக்கக் கூடாது என்று சத்தம் போட்டார்கள்.

வார்டனம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினேழு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவர், பிள்ளை கிடையாது. எங்களைக் கட்டுக்குள் வைப்பதைத் தவிர அவருக்கு வேறு எதிலும் ருசி இருந்ததாக நாங்கள் நினைத்ததில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு வளவில் எங்களை வரிசையாக நிறுத்தினார். தூக்கைக்கூடக் கீழே வைக்கவில்லை. யார் ஆரம்பித்தது என்று கேட்டார்.

ஒக்கூர்க்காரி முன்னால் வந்து நின்றாள். "நாந்தாம்மா. இவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

"யாருக்கு அழுதீக?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

வார்டனம்மா குடையை மட்டும் சுவரில் சாய்த்தார். "எனக்கா?"

"ஐயோ, உங்களுக்கு இல்லம்மா. சத்தியமா உங்களுக்கு இல்ல."

நாங்களும் முந்திக்கொண்டு, உங்களுக்கு இல்லம்மா, உங்களுக்கு இல்லவே இல்லை என்று கோரஸ் பாடினோம். அதைக் கேட்டால் அவர் மனம் ஆறும் என்று நினைத்தோம். முகம் இன்னும் சுருங்கித்தான் போனது. காலையில் முதல் பஸ்ஸுக்கு ஊர் போய்ச் சேர் என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

விடுதி போனால் அவளுக்கு உதவித்தொகையும் போய்விடும், படிப்பும் போய்விடும். ஒக்கூரிலிருந்து தினமும் வகுப்பு நேரத்துக்கு வந்துபோகத் தோதான பஸ்ஸும் கிடையாது, காசும் கிடையாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நானும் சேர்ந்துதான் செய்தேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டுச் சொந்தக்காரர் எங்கள் அப்பச்சிக்கு வேண்டியவர், என் சொல்லுக்குக் கொஞ்சம் எடை இருந்திருக்கும். அதே காரணத்தால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. அப்பச்சி காதுக்குப் போனால் என் தவணை அன்றோடு முடிந்துவிடும் என்ற பயம். எதற்கெடுத்தாலும் பாய்கிறவளுக்கு அன்றைக்கு வாய் அடைத்துக்கொண்டது. எத்தனை வருஷமானாலும் அந்த வெட்கம் எனக்குப் போகவில்லை.

காலையில் அவள் தகரப்பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். என் அறைத்தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், என் பொய்தானே காரணம் என்று கெஞ்சினாள். "அதை நேத்தே எடுத்தாச்சு. எடுத்ததைத் திரும்பக் கொண்டாந்து நடுவீட்டுல வைக்காத. உங்கத்தாவுக்கு மட்டும் நெசத்தை எழுது" என்றாள் ஒக்கூர்க்காரி. படிப்பே போகிற நேரத்தில் அடுத்தவள் ரகசியத்துக்குக் காவல் நிற்கிறாள். எனக்கு அவள் மேல் வந்த மரியாதையும் என் மேல் வந்த கோபமும் சேர்ந்து, நேரே வார்டனம்மா அறைக்குப் போனேன்.

அவர் சாமான் அறை வாசலில் உட்கார்ந்து காலைச் சமையலுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. இரண்டு மாதமாக அரிசி கூடுதலாகப் போகிறதென்று சமையல்காரம்மா மேல் சந்தேகப்பட்டீர்களே, அந்த அரிசி எங்கள் வயிற்றுக்குள்தான் போகிறது என்றேன். நாங்கள் சாப்பிட ஆரம்பித்ததே அவளால்தான், அவளை அனுப்பினால் என்னையும் அனுப்புங்கள், ஒப்பாரியில் முதலில் அழுதது நான்தான் என்றேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவர் கையிலிருந்த படியைக் கீழே வைத்தார்.

"முக்குத் திரும்பும்போதே சத்தம் கேட்டுச்சு. சங்கு ஊதுறவனுக்கு என்னைத் தெரியாது. யாருப்பான்னு கேட்டேன். விடுதி அம்மா போயிட்டாகளாம்னான். எனக்கு அழுக ஆள் இல்ல புள்ள. தங்கச்சி ஒருத்தி இருக்கா, அவளும் நோயாளி. பதினெட்டுப் புள்ளைக எனக்காக அழுகுதுன்னு கேட்டதும், முக்குல இருந்து வாசப்படி வர்ற வரைக்கும் நெஞ்சு நெறஞ்சு போச்சு. உள்ள வந்து கேட்டா, சத்தியமா உங்களுக்கு இல்லங்குறீக."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். தேற்றக் கூடாது என்று அவர் எங்கே கற்றாரோ, ஒன்றும் சொல்லாமல் நான் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, அவளைப் பெட்டியை இறக்கி வைக்கச் சொல் என்றார். நான் எழுந்து நாலு எட்டு வைத்ததும் திரும்பக் கூப்பிட்டார். "நான் நெசமாப் போற அன்னைக்கு அவ வந்து அழுவாளான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

ஒக்கூர்க்காரி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு தாவணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வருவேன்னு சொல்லு. அவசரம் ஒண்ணும் இல்லன்னும் சொல்லு" என்றாள்.

அன்றைக்கே வார்டனம்மா குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், கல்லூரி நாடகத்துக்குப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்தார்கள் என்று கூசாமல் பொய் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தானே ஆள் அனுப்பி அடுத்த வாரம் வரவழைத்தார். அந்தக் கல்யாணமும் நடந்தது, எங்கள் பதினெட்டுப் பேருக்கும் சாப்பாடு போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒப்பாரி நிற்கவில்லை, கூரை போட்ட கொல்லை அறைக்கு மாறியது. அவர் அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை. கோட்டையூருக்கு மட்டும் கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்தார்.

என் அறைத்தோழி அத்தாவுக்கு உண்மையை எழுதினாள். அவர் கடிகாரத்தோடுதான் வந்தார், டாக்டர் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நான் தேறினேன். ஒக்கூர்க்காரியும் தேறி, பட்டமும் வாங்கி, சிவகங்கையில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனாள். எனக்குத் தெரிந்து அந்தப் பக்கத்திலிருந்து அப்படி முதலில் போன பெண் அவள்தான்.

அந்தக் கார்த்திகைக்கு ஒன்பது வருஷம் கழித்து வார்டனம்மா கோட்டையூரில் தங்கை வீட்டில் காலமானார். தகவல் கிடைத்து நான் போனபோது வாசலில் ஐந்தாறு பேர்தான் நின்றார்கள். உள்ளே தங்கை மட்டும் ஓரமாகச் சாய்ந்திருந்தார், அழத் தெம்பில்லை. வீடு அமைதியாக இருந்தது. பதினோரு மணிக்கு ஒக்கூர்க்காரி வந்தாள். நல்ல சேலை, கையில் ஆபீஸ் பை. பையை ஓரமாக வைத்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து, என்னையும் இழுத்துத் தோளில் கை போட்டுக்கொண்டு, பதினெட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்ட மகராசி என்று எடுத்தாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எடுக்கும்வரை அவள் நிறுத்தவில்லை.

எல்லாம் முடிந்து அவள் கால் கழுவிக்கொண்டு கிளம்பும்போது, தங்கை முந்தானையை அவிழ்த்து இரண்டு ரூபாயை எடுத்து நீட்டினார். கூலிக்குப் பாட வந்தவள் என்று நினைத்துவிட்டார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. உன்னை யாரம்மா வரச் சொன்னது என்று அவர் கேட்டார்.

"அவுகதாம்மா. ஒம்பது வருசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாக" என்றாள்.